நான்கு நொடியும் எட்டுப் பெயரும்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை, செம்பூரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். காபி அருந்தி முடித்ததும் அன்பர் தம் மகளை அழைத்து, "மாமாவுக்கு அந்தப் பாட்டைக் காட்டு அம்மா" என்றார். அப்பெண் கைப்பேசியை நீட்டினாள். வண்ண விளக்குகள் சுழன்றன, பாடகர் வாயசைத்தார், பின்னால் பெண்கள் சிலர் ஆடினர். "இதோ, நான்தான்!" என்றாள். நாம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கொள்வதற்குள் அவள் மறைந்துவிட்டாள். மூன்றாம் முறை ஓட்டிய பிறகே கண்டுகொண்டோம். எண்ணிப் பார்த்ததில் நான்கு நொடி.

"பன்னிரண்டு ஆண்டு கற்றதற்கு நான்கு நொடியா?" என்று நகைத்தோம். அவளும் நகைத்தாள். ஆனால் அந்த நான்கு நொடியின் பின்னே நிகழ்ந்தவற்றை அவள் கூறக் கேட்டபின் நமது நகைப்பு அடங்கிவிட்டது. நம் இல்லங்கள் பலவற்றிலும் சலங்கை ஒலிப்பதால் அதனை இங்கே எழுதுகின்றோம்.

இசைக் காணொளி என்பது, கதையின் துணையின்றிப் பாட்டு ஒன்றையே பொருளாகக் கொண்டு எடுக்கப்படும் சிறு படம். 1988 ஆகஸ்டு 15 அன்று தூரதர்ஷன் ஒளிபரப்பிய 'மிலே சுர் மேரா துமாரா' பாட்டை நினைவுகூரும் அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. இன்று அத்தகைய படங்கள் நாள்தோறும் எடுக்கப்படுகின்றன. அவற்றில் ஆடுவதற்கு ஆட்களும் நாள்தோறும் தேவைப்படுகின்றனர்.

இப்பெண்ணுக்கு அழைப்பு வந்தபோது தந்தையார் தயங்கினாராம். "அரங்கேற்றம் செய்தவள் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று ஆடுவதா?" என்பது அவர் வினா. தாயார்தாம், "போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே" என்று அனுப்பிவைத்தார்.

காலை ஏழு மணிக்குக் கால்ஷீட். ஆடுவோர் எண்மர். மற்ற எழுவரும் இத்தொழிலால் குடும்பம் நடத்துபவர்கள். அரங்கின் தரை சிமெண்டால் ஆனது. அதன்மேல் பளபளக்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். நட்டுவனார் இல்லை, மிருதங்கம் இல்லை. ஒலிபெருக்கியில் பாட்டு எழும், டான்ஸ் மாஸ்டர் "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணுவார், ஆட்டம் தொடங்கும். வர்ணம் ஒன்றை அரைமணி நேரம் இடைவிடாமல் ஆடிப் பழகியவளுக்குப் பத்து நொடிக்கு ஒருமுறை நிறுத்துவது பெருந்துன்பமாக இருந்தது. ஒரே அடவை முன்னிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து, பாதத்தை மட்டும் என்று பதினேழு முறை எடுத்தார்களாம்.

"மேடையிலே எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்து ஆடுவோம், மாமா. அங்கே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி வட்டம்தான் உண்டு. அது சிரிப்பதும் இல்லை, தலையாட்டுவதும் இல்லை" என்றாள்.

மற்றொன்றும் சொன்னாள். காலில் சலங்கை கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஆயினும் அதன் ஒலி பாட்டில் சேராது. பாட்டு முன்பே பதிவாகிவிட்டது. அதில் கேட்கும் சலங்கை, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொருவர் குலுக்கியது. தன் கால் அசைவதையும் பிறர் சலங்கை ஒலிப்பதையும் சேர்த்துக் கண்டபோது, தன் உடல் தன்னுடையது அன்று என்பதுபோல் தோன்றிற்றாம்.

மதியத்திற்குப் பிறகு ஒரு சோதனை வந்தது. ஆட்டம் மெதுவாகத் தோன்றவேண்டும், பாட்டோ தன் வேகத்தில் கேட்கவேண்டும் என்றார் இயக்குநர். இதற்குத் திரைத்துறையார் கையாளும் உபாயம் சுவையானது. நொடிக்கு 25 படம் பிடிக்கும் காமிராவை 50 படம் பிடிக்கச் செய்வார்கள். பின்னர் வழக்கமான வேகத்தில் ஓட்டினால் அசைவு பாதி வேகத்தில் தெரியும். வாயசைவும் தாளமும் பாட்டோடு பொருந்தவேண்டுமாதலால், படம் பிடிக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப ஆடச் சொல்வார்கள். கீச்சுக் குரலில் பறந்த அப்பாட்டைக் கேட்டு அனைவரும் திகைத்தபோது, நம் பெண் மட்டும் திகைக்கவில்லை. அடவுகளை மூன்று காலத்திலும் ஆட வைத்தாரன்றோ அவள் ஆசிரியை! முதற்காலத்திற்குப் பழகியதை இரண்டாங்காலத்தில் ஆடிவிட்டாள். திரையில் நின்ற நான்கு நொடியும் அப்போது எடுத்தவையே. ஆசிரியையிடம் அடி வாங்கிய நாள்கள் அன்றுதான் இனித்தன என்றாள்.

பிற எழுவரும் அவளுக்கு வேறு பாடம் கற்பித்தார்கள். நெடுநேரம் நிற்கும்போது மூச்சை எவ்வாறு சேமிப்பது, தரையில் இட்ட குறியைக் குனியாமல் எவ்வாறு கண்டுகொள்வது, வீங்கிய பாதத்தை எவ்வாறு பிடித்துவிடுவது என்பனவெல்லாம் அவர்கள் சொல்லித் தந்தவை. அவர்களுள் மூத்தவரை இவள் 'தீதி' என்று அழைத்தாள். இருபது ஆண்டு ஆடியவராம். "எத்தனை பாட்டில் உங்கள் பெயர் வந்திருக்கிறது?" என்று இவள் கேட்டாள். தீதி சிரித்துவிட்டு, "பெயரைக் கேட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், தங்கையே" என்றாராம்.

பாட்டு வெளிவந்தது. பாடகர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், உடை தைத்தவர் என அனைவர் பெயரும் இருந்தன. ஆடிய எண்மரின் பெயர்கள் இல்லை. பெயர் போடுவதாக வாயால் சொல்லியிருந்தார்கள், எழுத்தில் ஏதுமில்லை.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, ஊஞ்சலில் இருந்தபடியே ஒன்று சொன்னார். 1948இல் வெளிவந்த வாசனின் 'சந்திரலேகா'வைச் சிறுமியாக இருந்தபோது கண்டவர் அவர். "முரசின்மேல் ஏறி நின்று எத்தனை பெண்கள் ஆடினார்கள்! ராஜகுமாரி பெயர் எனக்குத் தெரியும். மற்றவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? அவர்களும் ஒரு வீட்டுப் பெண்கள்தானே?" என்றார். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

பெயர் என்பது வெறும் ஆசை என்று எண்ணுவோர் நம் நாட்டுச் சட்டத்தைக் காண்க. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துகலைஞர்க்கும் உரிமை உண்டு என்றது. நடிகர், பாடகர், ஆடுபவர் மட்டுமன்றிக் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் அப்பட்டியலில் உள்ளனர். இன்று அவ்வுரிமை ஐம்பது ஆண்டு நிலைக்கும். ஆயினும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கையும் சேர்த்தது. படத்தில் ஒருவர் பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படாதாயின், அவர் கலைஞராகக் கருதப்படமாட்டார். தம் ஆட்டத்தை நற்பெயருக்கு ஊறு நேரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்றே அவருக்கு எஞ்சும். ஆகவே பெயர்ப் பட்டியலில் ஒரு வரி என்பது அலங்காரமன்று. உரிமைக்கு அதுவும் ஒரு கால்.

இதனை அறிந்ததும் அப்பெண் பட நிறுவனத்திற்கு மடல் எழுதினாள். தன் பெயரை மட்டும் கேட்டிருக்கலாம். வேறு வேலையும் வருவாயும் உடையவள் அவள். எண்மர் பெயரையும் கேட்டாள். எழுதுமுன் ஒவ்வொருவரிடமும் இசைவு பெற்றாள். தீதி இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் "எழுது" என்றாராம். அந்த இரண்டு நாளின் கனத்தை மாதச் சம்பளம் வாங்கும் நாம் அறியோம்.

ஒன்பதாம் நாள் மறுமொழி வந்தது. படத்தை இனி மாற்ற இயலாது என்றும், பாட்டின்கீழ் உள்ள குறிப்பில் பெயர்களைச் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். எட்டுப் பெயரும் இருந்தன; இரண்டில் எழுத்துப் பிழை. பாட்டி அவற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தந்தையாரோ, "கூட்டத்தில் ஒருத்தியாக ஆடினாள் என்று வருந்தினேன், கூட்டத்தில் ஒருத்தியாக நின்று கேட்டாளே, அது போதும்" என்றார்.

நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புவது சிறிதே. உங்கள் இல்லத்துப் பெண்ணோ பிள்ளையோ இத்தகைய பணிக்கு அழைக்கப்பட்டால், தடுக்கவும் வேண்டா, கண்மூடி அனுப்பவும் வேண்டா. ஊதியம், வேலை நேரம், திரும்பிவர வாகனம், பெயர் போடுதல் ஆகிய நான்கையும் ஆடுமுன் எழுத்தில் பெறுங்கள். மும்பையிலும் சென்னையிலும் திரை நடனக் கலைஞர்க்குச் சங்கங்கள் உள்ளன. ஐயம் எழுந்தால் அங்கே கேட்கலாம்.

இன்னொன்று நாம் அனைவரும் செய்யக்கூடியது. அடுத்த முறை ஒரு பாட்டைக் கண்டு மகிழும்போது, அதன்கீழ் ஆடியோர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருமுறை படியுங்கள். பிழையாக அச்சாகியிருந்தாலும் படியுங்கள்.