வீட்டு விலையும் கணக்கின் மெய்ம்மையும்

வீட்டில் இட்ட பொருள் ஒருநாளும் குறையாது என்பது நம்மவர் பலரின் துணிபு. இஃது எத்துணை உண்மையென ஆராயப் புகுவோர் முதற்கண் வினவவேண்டுவது, விலைக் கணக்கு எத்தன்மையது என்பதேயாம்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹேரன்கிராக்ட் என்னும் கால்வாய்த் தெரு உளது. அத்தெருவின் வீடுகள் 1628 முதல் 1973 வரை கைமாறிய விலைகளைப் பேராசிரியர் பீட் ஐக்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார். பண்டங்களின் பொது விலையேற்றத்தைக் கழித்து நோக்குமிடத்து, அந்த 345 ஆண்டுகளில் வீட்டு விலை ஏறத்தாழ இருமடங்கே ஆயிற்று. அஃதாவது ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 0.2 வீதமே.

ஒரே வீடு மீண்டும் மீண்டும் விற்ற விலைகளை ஒப்பிடுதல் இக்கணக்கின் சிறப்பு. ஓராண்டில் மாளிகைகளும் மற்றோராண்டில் சிறு மனைகளும் மிகுதியாக விலைப்படின், எவ்வீட்டின் விலையும் மாறாதிருக்கவே சராசரி மட்டும் மாறித் தோன்றும். அம்மயக்கம் இங்கில்லை. ஆயினும், செல்வர் தெருவின் கணக்கு ஏழையர் குடியிருப்பைக் காட்டாது.

அமெரிக்க வீட்டு விலைகளை 1890 முதல் தொகுத்த ராபர்ட் ஷில்லருக்கு, 1934 முதல் 1953 வரையிலான பகுதிக்குப் பெரும்பாலும் செய்தித்தாள் விளம்பர விலைகளையே கொள்ள நேர்ந்தது. கேட்ட விலை வேறு, கொடுத்த விலை வேறன்றோ?

முத்திரைத் தீர்வையைக் குறைக்கும்பொருட்டுப் பத்திரத்தில் விலையைக் குறைத்தெழுதுதல் நம் நாட்டிலும் அரிதன்று. அதனால் எழுதுவோர்க்குக் கிட்டுவது சிறு ஆதாயம். பின்னர் வீடு வாங்கப் புகும் இளைஞர்க்கோ வழிகாட்டும் கணக்கே இல்லாதொழியும். கற்றோரேனும் மெய்விலை எழுதுக.