மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறீர்களா? நாலு நிமிஷம் அழுத்துங்கள், மூணு நிமிஷம் ஆறுங்கள்!

காரிமங்கலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குச் சமதளம் என்பது கொஞ்ச தூரத்துக்குத்தான். தர்மபுரி பக்கம் போனாலும் கிருஷ்ணகிரி பக்கம் போனாலும் மேடும் இறக்கமும் மாறி மாறி வரும். 'தினமும்தான் ஓட்டுறேன், ஆனா மேடு மட்டும் ஏற முடியலை' என்பது பலரின் புலம்பல். தினமும் ஒரே வேகத்தில் ஓட்டுவதுதான் பிரச்னையே.

ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மேட்டில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, அந்த எடையைத் தூக்கவே சுமார் 130 வாட் சக்தி வேண்டும். சமதளத்தில் அதே வேகத்துக்கு 30 வாட்கூட ஆகாது. இந்த உழைப்புக்குப் பழகாத காலும் இதயமும் பாதி மேட்டில் கைவிரித்துவிடும்.

பழக்குவதற்கான வழிதான் இன்டர்வெல் டிரெய்னிங். கொஞ்ச நேரம் மூச்சு வாங்க அழுத்துவது, பிறகு மெதுவாக ஓட்டி ஆறுவது, மறுபடி அழுத்துவது. புதிய சரக்கெல்லாம் இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் எமில் சடோபெக் 400 மீட்டர் ஓட்டங்களை இப்படி விட்டு விட்டு ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

2007-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், வாரம் 3 நாள் வீதம் 8 வாரங்கள் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் நிதானம் என 4 சுற்று ஓடியவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சுமார் 7 சதவிகிதம் கூடியது. ஒரே சீராக 45 நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்குச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை.

இதையே சைக்கிளில் செய்யலாம். முதல் 10 நிமிடம் சும்மா ஓட்ட வேண்டும். பிறகு 4 நிமிடம் அழுத்தம். பக்கத்தில் வருபவர் ஏதாவது கேட்டால் ஓரிரு வார்த்தைக்கு மேல் பதில் வரக் கூடாது, அதுதான் அளவு. முதல் சுற்றிலேயே எல்லா பலத்தையும் கொட்டினால் மூன்றாவதில் மூச்சு முட்டும். கடைசியில் 5 நிமிடம் மெதுவாக ஓட்டி முடித்தால், மொத்தமே 40 நிமிடம்தான். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு மாதம் சாதாரணமாக ஓட்டிவிட்டு, இரண்டு சுற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. பிளஸ் ஒன்னில் பிள்ளைக்குக் கிடைத்த அரசு சைக்கிளை அப்பா ஓட்டும் வீடுகள் ஏராளம், அதுவே போதும். ஆனால், சீட்டைக் கவனியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிதான் வலிக்கும், மேடு ஏறாது. ஒரு ஸ்பேனர் இருந்தால் தீர்ந்தது. கியர் இருப்பவர்கள், மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. பாதியில் மாற்றினால் செயின் கழன்று கீழே விழ வாய்ப்பு உண்டு.

இடம் ரொம்ப முக்கியம். லாரிகள் பறக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். அதே சாலையில் வரும் தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பேர்போனது. மூச்சு வாங்கும்போது பின்னால் வரும் ஹாரன்கூடக் காதில் விழாது. கிராமங்களுக்குப் பிரியும் கிளைச் சாலையில், விடிந்த பிறகு, ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை சந்தை நாள் என்பதால் அன்று ஓய்வு.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். 'இன்னும் ஒரு சுற்றுதானே' என்ற வீம்பு ஆபத்து.

நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே மேட்டில் செல்போன் டைமரை ஓடவிட்டு ஏறிப் பாருங்கள். நேரம் குறையக் குறைய, பக்கத்திலிருக்கும் வத்தல்மலையும், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு சாலையும் ஆசை காட்டும். போவதற்கு முன் இரண்டு பிரேக் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள். ஏறியதை இறங்கியாக வேண்டுமே!