பிரியாணிக்கு லிஸ்ட் உண்டு, தண்ணீருக்கு இல்லை

சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கத்துத் தமிழர்கள் கடற்கரைக்குப் போகத் திட்டம் போடும் அழகே தனி. மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல்கள் பறக்கும். எத்தனை கார், யார் காரில் குழந்தை சீட், யார் புளியோதரை, யார் பிரியாணி, கரி அடுப்பு யாருடையது, குடை உண்டா, பாய் உண்டா என்று எல்லாவற்றுக்கும் ஒரு எக்ஸெல் ஷீட். வானிலையும் பார்த்தாகிவிடும். சனிக்கிழமை வெயில் 95 ஃபாரன்ஹீட், பிரமாதம்! அந்த ஷீட்டில் இல்லாத ஒரே ஒரு வரி, தண்ணீர் எத்தனை டிகிரி என்பதுதான். பயணத்தின் பெயர் என்னவோ நீச்சல் பயணம்.

தமிழர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. சாக்ரமெண்டோவில் வெயில் நூறைத் தொட்டால் ஊரே காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்புகிறது. ஊரில் வெயில் கொளுத்தினால் கடலும் இதமாக இருக்கும் என்ற நினைப்பு. ஸொனோமா கோஸ்ட் ஸ்டேட் பார்க்கின் ஏதாவது ஒரு கார் நிறுத்தத்தில் இறங்கியதும் முகத்தில் அறைகிற மூடுபனியைப் பார்த்தாவது சந்தேகம் வரவேண்டும். வருவதில்லை. இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்தாயிற்று, குழந்தைகள் நீச்சல் உடை மாட்டிக்கொண்டு குதிக்கின்றன, இனி என்ன யோசனை?

வட கலிபோர்னியக் கடலின் குளிருக்குக் காரணம் உண்டு. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டியபடி தெற்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால் மேல்மட்டத் தண்ணீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு வெளியே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்தில் கிடந்த குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அந்தக் கடலில் சால்மனும் திமிங்கலமும் செழிப்பதற்கு இந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் காரணம். மீனுக்கு நல்லது, புளியோதரை சாப்பிட்டுவிட்டு இறங்குகிற மனிதனுக்கு அவ்வளவு நல்லதில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தக் கரையில் தண்ணீர் பெரும்பாலும் 50 முதல் 55 ஃபாரன்ஹீட், அதாவது 10 முதல் 13 செல்சியஸ். செப்டம்பர், அக்டோபரில்தான் கொஞ்சம் மனமிரங்கி 60 பக்கம் எட்டிப்பார்க்கும். அமெரிக்காவின் மறுகோடியில், ஏறக்குறைய இதே அட்சரேகையில் இருக்கும் மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் ஆகஸ்ட் மாதத் தண்ணீர் 70ஐத் தாண்டிவிடும். சென்னைக் கடல் 80க்கு மேல். ஆக, "கடல்தானே, பார்த்ததில்லையா?" என்று கேட்பவர் உண்மையிலேயே இந்த மாதிரிக் கடலைப் பார்த்ததில்லை.

குளிர்ந்த நீரில் சாவு என்றதும் பலருக்கு நினைவு வருவது டைட்டானிக் படம். மெல்ல மெல்ல உறைந்து, வசனமெல்லாம் பேசி முடித்து, அப்புறம் சாவது. "நாங்கள் என்ன ஒரு மணி நேரமா தண்ணீரில் கிடக்கப்போகிறோம், ஐந்து நிமிடம்தானே" என்ற வாதம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று மூன்றே எண்களில் சொல்லிக்கொடுக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த பத்து நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது மிகக் குளிர்ந்த நீருக்கான தோராயக் கணக்கு. ஆனால் வரிசை மாறாது. டைட்டானிக் வகைச் சாவு கடைசியில் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் அதுவரை போவதே இல்லை.

முதல் நிமிடத்தில் என்ன நடக்கிறது? தோல் சட்டென்று குளிர்ந்ததும், கேட்காமலேயே ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நேரம் தலை அலைக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். தொடர்ந்து மூச்சு நாய் இரைப்பது மாதிரி இரைக்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். நன்றாக மூச்சடக்கத் தெரிந்தவருக்கும் அந்த நேரத்தில் சில விநாடிகளுக்கு மேல் அடக்க முடியாது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம் இது. இந்த அதிர்ச்சி உச்சத்துக்குப் போக ஆர்க்டிக் பனியெல்லாம் தேவையில்லை. 10 முதல் 15 செல்சியஸே போதும் என்பது அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தது. அதாவது, ஸொனோமாவின் சாதாரண ஒரு கோடை நாள்.

இப்போது "எனக்கு நீச்சல் தெரியும்" என்ற பெருமைக்கு வருவோம். ஊரில் மோட்டார் ரூம் மேலிருந்து கிணற்றில் குதித்தவர், காவிரியில் அக்கரைக்குப் போய் வந்தவர், அபார்ட்மெண்ட் நீச்சல்குளத்தில் நாற்பது லேப் போடுபவர் எல்லோருமே நீச்சல் தெரிந்தவர்கள்தான், மறுப்பில்லை. ஆனால் நீச்சல் என்பது மூச்சைத் தாளத்தோடு விடத் தெரிவது. மூச்சே கையை மீறிப் போகும்போது அந்த வித்தை எந்த மூலைக்கு? அதிலும் நீச்சல் தெரிந்தவர்தான் ஆழத்துக்குப் போகிறார். தெரியாதவர் முட்டியளவில் கத்திவிட்டு ஓடிவந்துவிடுகிறார். "மெதுவாக இறங்கினால்தான் குளிரும், ஒரே குதியாகக் குதித்துவிடு, பழகிவிடும்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு அண்ணன் சொல்வார். கிணற்றுக்குச் சரியான அறிவுரை. இந்தக் கடலில் அது கொலைகார அறிவுரை. அந்த அண்ணனைத்தான் முதலில் கரி அடுப்புப் பக்கம் உட்கார வைக்கவேண்டும்.

இன்னொரு கட்சி, "நாங்கள் நீந்தவே போவதில்லை, இடுப்பளவில் நிற்போம்" என்பது. மாமல்லபுரத்தில் கணுக்கால் நனைத்த அனுபவத்தில் வருகிற பேச்சு. பசிபிக் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அடித்த புயலின் சக்தியைச் சுமந்துகொண்டு வருபவை. இருபது நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென ஒன்று மட்டும் மணலில் வெகுதூரம் ஏறும். ஸ்னீக்கர் வேவ் என்பார்கள், பதுங்கி வரும் அலை. கரையும் பல இடங்களில் சரிவு அதிகம். கார்மெல் ரிவர் ஸ்டேட் பீச்சின் ஒரு பகுதியான மொனாஸ்டரி பீச்சில், அலை நுரைக்குச் சில அடி தாண்டியதும் தரை சரசரவென்று இறங்கிவிடும். அங்கே போனவர்கள் பலர் திரும்பாததால் உள்ளூர்க்காரர்கள் அதை மார்ச்சுவரி பீச் என்றே சொல்கிறார்கள். இடுப்பளவு என்பது அடுத்த அலை வரும்வரைதான் இடுப்பளவு.

2012 நவம்பரில் ஹம்போல்ட் கவுண்டியின் பிக் லகூன் கடற்கரையில் நடந்ததைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு குடும்பத்தின் நாயை அலை இழுத்துக்கொண்டு போனது. காப்பாற்ற மகன் போனான், அவனைக் காப்பாற்றத் தந்தை, பிறகு தாய். மூவருமே போய்விட்டார்கள். நாய் தானாகக் கரையேறிவிட்டது. இவர்களில் ஒருவர்கூட அன்று நீச்சலடிக்க வந்தவர் இல்லை. அந்த நொடியில் ஓடாமல் நிற்க யாருக்குமே மனம் வராதுதான். அதனால்தான் யார் தண்ணீர்ப் பக்கம் போவது, யார் கரையில் நிற்பது, ஒருவர் இழுக்கப்பட்டால் யார் 911க்குப் பேசுவது, எறிய மிதக்கிற பொருள் எது என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவாகவேண்டும். அந்தக் கரையில் பல இடங்களில் செல்பேசி சிக்னலும் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"அதோ, அத்தனை பேர் தண்ணீரில் இருக்கிறார்களே?" இதுவும் அடிக்கடி கேட்கிற கேள்வி. இருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு ரப்பர் உடை. நாலைந்து மில்லிமீட்டர் தடிமனான வெட்சூட். கையோடு மிதக்கிற பலகை வேறு. பருத்தி டி ஷர்ட்டோடு இறங்குபவர் அவர்களைக் காட்டி நியாயம் பேசக்கூடாது. வெட்சூட் இல்லாமலேயே நீந்துபவர்களும் உண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1873ல் தொடங்கிய சவுத் எண்ட் கிளப்பும் 1877ல் தொடங்கிய டால்ஃபின் கிளப்பும் வருடம் முழுவதும் அதே குளிர்நீரில் இறங்குகின்றன. ஆனால் அவர்கள் இறங்குவது அலை அடிக்காத அக்வாடிக் பார்க் குடாவில், வாரக்கணக்கில் பழகிய உடம்போடு. இரண்டு மூன்று நிமிடக் குளிர்நீர் முங்கல் ஐந்தாறு தடவை போட்டாலே முதல் நிமிட அதிர்ச்சி பாதியாகக் குறைகிறது என்கின்றன டிப்டனின் ஆய்வுகள். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை போகிறவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

அரசாங்கத்தின் மீது பழி போடுவோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கரையிலும் லைஃப்கார்டு நிறுத்தவேண்டுமாம். ஸொனோமா கோஸ்ட் பார்க் மட்டுமே பதினேழு மைல் நீளம், பாறைக்குப் பாறை ஒரு சின்னக் கரை. எத்தனை பேரை நிறுத்துவது? பார்க் நிர்வாகம் இங்கே நீந்தவேண்டாம், தண்ணீரில் நிற்கவும் வேண்டாம் என்று தெளிவாகவே எச்சரிக்கிறது. ஆனால் "அபாயம்" என்று மட்டும் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பலகை, சிகரெட் பெட்டியின் எச்சரிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் படிப்பதில்லை. கார் நிறுத்தத்தில் ஒரு கரும்பலகை வைத்து, இன்று தண்ணீர் 52 டிகிரி என்று தினம் காலையில் சாக்பீஸால் எழுதினால், பத்து அபாயப் பலகைகள் செய்யாததை அது செய்யும். செலவும் அதிகமில்லை.

பலகை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்கக் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான நோவாவின் மிதவைகள் கடலில் நின்று எண்களைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. ஸொனோமா பக்கம் போகிறவருக்கு 46013, பொடேகா பே மிதவை. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் என்றால் 46026. தண்ணீரின் வெப்பம், அலையின் உயரம், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்பதெல்லாம் இலவசம். விநாடி கூடக் கூட அலையின் பலமும் கூடும். மிதவை நிற்பது கரையிலிருந்து தள்ளி என்பதால் கரையோரத்தில் டிகிரி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பிரியாணிக்கு எத்தனை கிலோ கோழி என்று கணக்குப் போடும் நேரத்தில் பாதி போதும்.

மீறி யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் முதல் வேலை நீந்துவது இல்லை. பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. இதை ஒரு இயக்கமாகவே நடத்துகிறது. தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய, மல்லாந்து மிதக்கவேண்டும். மூச்சு கட்டுக்குள் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். அலையும் பாறையும் மோதும் இடத்தில் இது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை என்பதும் உண்மை.

"அப்படியானால் நீச்சலே கூடாதா?" யார் சொன்னது? இடத்தை மாற்றினால் போதும். ஸொனோமாவிலிருந்து கொஞ்சம் தெற்கே டொமாலஸ் பே ஸ்டேட் பார்க்கில் ஹார்ட்ஸ் டிசையர் என்று ஒரு கரை இருக்கிறது. பாயிண்ட் ரேயஸ் நிலமுனை திறந்த கடலைத் தடுத்து நிற்பதால் பெரிய அலை கிடையாது, தண்ணீரும் வெளிக்கடலைவிடச் சூடு. அங்கும் லைஃப்கார்டு இல்லை, குழந்தை மீது கண் இருக்கத்தான் வேண்டும். அங்கும் குளிர்தான் என்று சிணுங்குபவர்களுக்கு ரஷ்யன் ரிவர் இருக்கிறது. கடலில் கலக்கும் இடத்தில் அல்ல, உள்ளே தள்ளி கெர்ன்வில் பக்கம். ஸொனோமா கோஸ்டுக்கே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் போகலாம், பார்க்கக் கோடிக் கண் வேண்டும், அவ்வளவு அழகு. வெள்ளிக்கிழமை ராத்திரி 46013 காட்டுவது 53 என்றால், ஷீட்டில் நீச்சல் உடை என்ற வரியை அழித்துவிட்டு ஸ்வெட்டர், கிரிக்கெட் மட்டை, ஃபிளாஸ்கில் சூடான டீ என்று எழுதிக்கொள்ளவேண்டியதுதான்.