மெருகுக்கு முன் செப்பம்

பொருள்கள் நாளடைவில் பழமையடைதல் இயற்கை. பழமையுற்ற பொருளை எறிந்துவிடுதல் எவர்க்கும் எளிது; அதன் பழுதறிந்து, பழுதினை நீக்கி, மீண்டும் பயன்படச் செய்தலோ அரிது. அவ்வரிய செயலை மேற்கொள்வோரே கைத்தொழிலின் இன்பத்தை உணர்வர். இவ்வுண்மை இசைக்கருவிகளுக்குப் பெரிதும் பொருந்தும். நாற்காலி பழுதுற்றால் இருக்கை ஒன்று குறையும். இசைக்கருவி பழுதுற்றாலோ அதனைப் பயில்வோரின் செவியும் கெடும். ஆதலின், குறைந்த விலைக்கு வாங்கிய பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வீட்டிலேயே செப்பஞ்செய்து மெருகிடும் தொழிலைச் சான்றாகக் கொண்டு, பழுது பார்க்கும் முறை யாதென ஈண்டுக் காண்போம்.

பேஸ் கிட்டார் என்பது தாழ்ந்த சுரங்களை எழுப்பும் நரம்புக்கருவி. பெரும்பாலும் நான்கு தந்திகளை உடையது. முற்காலத்தில் மேலைநாட்டு இசைக்குழுக்களில் இப்பணியினை ஆளுயரத்திற்கும் மேற்பட்ட பெருங்கருவி ஒன்று ஆற்றி வந்தது. அதனைச் சுமந்து செல்லுதல் கடினம்; ஏனைக் கருவிகளின் முழக்கத்தினிடையே அதன் ஒலி அமிழ்ந்து போதலும் உண்டு. அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவைச் சார்ந்த புல்லர்ட்டன் என்னும் ஊரில் தொழிற்சாலை நடத்திய லியோ பெண்டர் என்பவர், 1951 ஆம் ஆண்டில் மின்னாற்றலால் ஒலிபெருகும் பேஸ் கிட்டார் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். வீணையின் தண்டியில் மெட்டுகள் அமைந்திருத்தல்போல இதன் கழுத்திலும் மெட்டுகள் அமைந்தன. மெட்டினை ஒட்டி விரலால் அழுத்தின், சுரம் வழுவாது ஒலிக்கும். அதுபற்றியே, துல்லியம் என்னும் பொருள்பட, ‘பிரிசிஷன்’ என அதற்குப் பெயரிட்டனர். நம் நாட்டுத் திரையிசையிலும் இக்கருவி சிறந்த இடம் பெற்றுள்ளது. இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்போர், பாடுவோர் குரலுக்கு அடியில் இதன் ஒலி தனியே ஓர் இசைப்போக்காக இயங்குதலை உணர்வர்.

இத்தகைய கருவிகள் இன்று பல நாடுகளிலும் பெருந்தொகையாகச் செய்யப்பெறுகின்றன. ஆதலின் ஒருவர் பயன்படுத்தி விற்ற கருவி, பொருள் வளம் இல்லா மாணவர்க்கும் சிறு தொகைக்குக் கிடைத்தல் கூடும். அங்ஙனம் வாங்குவோர் பலர் செய்யும் முதல் வேலை யாது? பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புது வண்ணம் பூசத் தொடங்குதலே. இது முறையன்று என்பது எம் துணிபு. நோயுற்றவனுக்கு மருந்து கொடாமல் புத்தாடை உடுத்துதல் அறிவாகுமோ? முதலில் ஒலி, பின்னரே ஒளி. உள்ளே செப்பம் அமைந்த பின்னரே புறத்தே மெருகு அமைதல் வேண்டும்.

முதற்கண் ஆராயத்தக்கது கழுத்து. நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோகிராமுக்கும் மேற்பட்ட விசையோடு கழுத்தினை இழுத்து நிற்கின்றன. ஆண்டுக்கணக்காக இவ்விழுவையைத் தாங்கிய மரம் வளைதல் இயல்பே. அதனை எதிர்த்து நிற்றற்பொருட்டுக் கழுத்தினுள் எஃகுக்கம்பி ஒன்று பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்திப் பிடித்தால், அத்தந்தியே நேர்கோடாகும். இடையிலுள்ள மெட்டுகளுக்கும் தந்திக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி இருத்தல் நன்று. அதிரும் தந்தி இடையில் அகன்று அசைதலின் அவ்விடம் அதற்கு வேண்டும். இடைவெளி மிகுதியாயின் கம்பியைச் சிறிது இறுக்குதல் வேண்டும். சிறிதும் இல்லையாயின் தளர்த்துதல் வேண்டும். ஒருமுறைக்குக் கால் சுற்றே போதும். பின்னர்ப் பொறுத்திருந்து, மரம் இணங்கிய பின் மீண்டும் நோக்குக. விரைந்து முறுக்குவோன் கம்பியையும் ஒடிப்பான், கழுத்தையும் கெடுப்பான். கயிறுபோல் முறுக்கேறிய கழுத்தாயின், அக்கருவி எத்துணை மலிவாயினும் வாங்காதொழிதலே நன்று.

அடுத்துச் சுருதியின் செம்மை. பேஸ் கிட்டாரின் தந்தி பெரும்பாலும் 34 அங்குல நீளம் உடையது. அதன் நடுவிடத்தில் 12 ஆம் மெட்டு அமைந்துள்ளது. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வின் எண் இருமடங்காகும். அதனால் 12 ஆம் மெட்டில் எழும் சுரம், வெறுந்தந்தியின் சுரத்திற்கு மேல் தாயியில் ஒத்து ஒலித்தல் வேண்டும். ஒவ்வாது உயர்ந்து ஒலிப்பின், தந்தியைத் தாங்கும் குதிரையைச் சிறிது பின்னே தள்ளித் தந்தியை நீட்டுக; தாழ்ந்து ஒலிப்பின் முன்னே நகர்த்துக. நான்கு தந்திகளுக்கும் இவ்வாறு செய்து முடிக்கும் மாணவன், ஒலிநூலின் விதியைத் தன் விரலாலும் செவியாலும் கற்றவன் ஆகிறான். ஏட்டில் ஒருமுறை படித்தது மறந்து போகலாம். கையால் ஒருமுறை செய்தது மறவாது.

மின்னுறுப்புகளையும் நோக்குதல் வேண்டும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகினைத் திருப்புங்கால் கறகற என்னும் ஓசை எழுமாயின், அதனுள் தூசி படிந்துள்ளது என்று அறிக. அதற்கென விற்கும் துப்புரவு நீரினைச் சிறிது தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் அவ்வோசை நீங்கும். அறுந்த கம்பியை ஈயப்பற்றால் இணைக்கும்போது பெரியோர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அப்பற்றின் புகையை நுகர்தல் ஆகாது. வேலை முடிந்தபின் கைகளைக் கழுவுதலும் இன்றியமையாதது.

இவையெல்லாம் செம்மையுற்ற பின்னரே மெருகிடத் தொடங்குக. தந்தி, கழுத்து, மின்னுறுப்பு ஆகியவற்றை நீக்கி, உடற்பலகையைத் தனியே எடுத்துக்கொள்ளல் வேண்டும். மூக்கினையும் வாயினையும் மூடும் கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்ந்து, முதலில் கரடான உப்புத்தாளாலும் பின்னர் மென்மையான உப்புத்தாளாலும் மரத்தின் இழையோடு இழையாகத் தேய்க்குக. குறுக்கே தேய்த்த கீறல்கள் மெருகிட்ட பின்னர் விளங்கித் தோன்றிப் பழிக்கும். மலிவான கருவிகள் பலவற்றின் உடல் ஒட்டுப்பலகையால் ஆயது. அதன் மேலேடு மிக மெல்லியது. அளவு கடந்து தேய்ப்பின் கீழேடு வெளிப்படும். அத்தகைய உடலுக்கு மரம் மறையும் வண்ணப்பூச்சே தக்கது. முழுமரத்தால் ஆயதாயின், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகினை மென்துணியால் பூசலாம்; அருகில் தீ இருத்தல் கூடாது. ஒரு தடித்த பூச்சினும் பல மெல்லிய பூச்சுகளே சிறந்தன. ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூசுதல் வேண்டும். இத்தொழிலில் கைத்திறத்தினும் பொறுமையே பெரிதும் வேண்டப்படுவது.

மெருகும் ஒலியின் பொருட்டே அமைதல் கூடும் என்பதற்கு அமெரிக்க இசைவல்லுநர் ஜேக்கோ பாஸ்டோரியஸ் சான்றாவார். மெட்டுகள் நீக்கப்பெற்ற 1962 ஆம் ஆண்டுப் பேஸ் கிட்டார் ஒன்றை அவர் இசைத்து வந்தார். முரட்டுத் தந்திகள் விரற்பலகையை அராவாதிருத்தற்பொருட்டு, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சிப் பிசினை அதன்மேல் பூசினார். அழகு கருதிய பூச்சன்று அது, பயன் கருதியது. எனினும், அரிய பழங்கருவிகளைப் புதுமெருகிடுதல் தவறாகும். அவற்றின் பழைய பூச்சே அவற்றின் வரலாறு. கற்கும் கை பழகுதற்கு உரியவை எளிய கருவிகளே.

“மலிவான கருவிக்கு இத்துணை உழைப்பு எதற்கு? புதியது ஒன்றை வாங்கிவிடலாமே!” என்பர் சிலர். அவர்க்கு இரண்டு விடைகள் உள. பாடகர் பால் மெக்கார்ட்னி 1961 ஆம் ஆண்டில் செருமனி நாட்டு ஆம்பர்க் நகரில் ஏறக்குறைய 30 பவுன் விலைக்கு ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். விலையுயர்ந்த கருவியை வாங்க அவரிடம் அன்று பொருள் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் ஒலித்தது அவ்வெளிய கருவியே. 1972 இல் களவுபோன அது, கண்டெடுக்கப்பெற்ற செய்தி 2024 இல் வெளியாயிற்று. பழுது பார்க்கப்பெற்று, அவ்வாண்டு இறுதியில் இலண்டன் மேடையில் அவர் கையில் மீண்டும் ஒலித்தது. விலையால் கருவி சிறத்தல் இல்லை. பேணுதலாலும் பயிற்சியாலுமே சிறக்கும். இது முதல் விடை.

இரண்டாவது மரத்தைப் பற்றியது. கிட்டார்களின் விரற்பலகைக்கு ஈட்டி மரத்தைப் பெரிதும் பயன்படுத்துவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வதும் அவ்வினத்ததே. ஈட்டி இனம் அருகி வருதல் கண்டு, 2017 ஆம் ஆண்டில் அதன் பன்னாட்டு வாணிகம் முழுவதையும் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தனர். செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 இல் விலக்களித்தனர். காட்டில் மெல்ல வளர்ந்த மரம், கருவியாகிச் சில ஆண்டுகளில் குப்பைமேட்டை அடைதல் தகுமோ? பழைய கருவி ஒன்று மீண்டும் ஒலிக்குமாயின், புதியது ஒன்றிற்காக மரம் வெட்டும் தேவை அந்த அளவுக்குக் குறையும்.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் பேஸ் கிட்டார் இல்லாதிருக்கலாம். பழைய மிதிவண்டியோ மேசையோ கடிகாரமோ இருத்தல் கூடும். எதுவாயினும், அதனை எறியும் முன் அதன் பழுது எங்குள்ளது என ஆராய்ந்து காணுங்கள். உள்ளே செப்பஞ்செய்து, பின்னர்ப் புறத்தே மெருகிடுங்கள். இம்முறை பொருள்களுக்கே அன்றிக் கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் உரியது.