தீண்டும் கையும் தேறும் உள்ளமும்

நாவல் வாசித்தல் மாணாக்கர் மதியை மயக்கும் என்று பெரியோர் கடிந்துரைத்தல் நெடுநாளைய வழக்கம். மானிட இயல்புக்கு மேற்பட்ட ஆற்றல் வாய்ந்த இளைஞரையும் அவர்தம் காதலையும் கூறும் கதைகளாயின், அவ்வேளனம் இருமடங்காகின்றது. ஒரு நூலை வாசியாது இகழ்தல் எளிது. வாசித்து நல்லதும் அல்லதும் ஆய்தலே கற்றோர்க்கு அழகாம். ஆதலின், அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு வெளிவந்து இளைஞரிடையே பெரிதும் பரவிய ஒரு நாவலை ஈண்டு ஆராயப் புகுவோம். அது தாஹிரே மாஃபி என்னும் அம்மையார் இயற்றிய 'ஷாட்டர் மீ' என்பது. 'என்னைச் சிதறச் செய்' என்பது அப்பெயரின் பொருள்.

கதைத் தலைவி ஜூலியட் 17 வயதுடைய பெண். அவள் மேனியைத் தொட்டோர் பெருவேதனையால் துடிப்பர். தொடுகை நீடிப்பின் உயிர் துறப்பர். துன்புற்ற ஒரு சிறு குழந்தைக்கு உதவ விரும்பி அவள் கை நீட்டியபோது, அக்குழந்தை மாண்டது. இரக்கத்தால் விளைந்த அச்செயலுக்காக உலகம் அவளைக் கொலைகாரி என்றது, பெற்றோரும் கைவிட்டனர். கதை தொடங்குங்கால், 264 நாட்களாக ஒருவரையும் தீண்டாது, ஒரு காப்பகத்தின் தனியறையில் அவள் அடைபட்டுக் கிடக்கின்றாள். அவள் நினைத்து, பின் அஞ்சி அடக்கிய சொற்களைக் கோடிட்டு அடித்தவாறே அச்சிட்டிருக்கின்றார் ஆசிரியை. தன் உள்ளத்தையே நம்பத் துணியாத ஒருத்தியின் நிலையை இம்முறை நன்கு புலப்படுத்துகின்றது.

நிற்க. தீண்டினோரைக் கொல்லும் கன்னி இலக்கிய உலகுக்குப் புதியவள் அல்லள். விசாகதத்தர் வடமொழியில் இயற்றிய 'முத்ராராக்ஷசம்' என்னும் நாடகத்தில், சந்திரகுப்தனைக் கொல்ல ராக்ஷசன் ஏவிய நச்சுக்கன்னியைச் சாணக்கியன் பர்வதகன்பால் திருப்பிவிட்ட செய்தி கூறப்படுகின்றது. 1844-இல் அமெரிக்க ஆசிரியர் நத்தானியேல் ஹாதார்ன் வெளியிட்ட 'ராப்பச்சினியின் மகள்' என்னும் கதை இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் நிகழ்வது. இந்திய அரசன் ஒருவன் அலெக்ஸாந்தருக்கு அனுப்பிய நச்சு நங்கையின் கதையை அதனுள் ஒருவர் எடுத்துரைப்பதால், அக்கதையின் வேர் கீழ்த்திசை நோக்கியது என்பது தெளிவு. அதில், விஞ்ஞானத்தில் வெறி கொண்ட தந்தையொருவர் தம் மகள் பியாத்ரிஸை நச்சுச் செடிகளோடு வளர்த்து, அவள் மூச்சையும் நஞ்சாக்குகின்றார். அவளை விரும்பிய மாணவன் தன்னிடத்தும் நஞ்சேறியது கண்டு, அவளை வாயார வைகின்றான். மாற்று மருந்தென்று அவன் தந்ததை உண்டு அவள் மடிகின்றாள். அவளுடைய நஞ்சு உடலோடு நின்றது. அவனுடையதோ நெஞ்சில் ஊறியிருந்தது.

இம்மூவரையும் ஒப்புநோக்கின் ஒன்று புலனாகும். மூவரிடத்தும் உள்ள கொடுமையைக் காட்டிலும், அதனைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்த விழைவோரின் கொடுமை பெரிது. சாணக்கியன் கையில் அக்கன்னி வெறும் அம்பு. ராப்பச்சினிக்கு மகள் ஒரு சோதனைப் பொருள். ஜூலியட்டை அடைத்துவைத்த அரசாங்கத்தின் இளந்தலைவன் வார்னரோ, அவளைப் போர்க்கருவியாக்க விரும்புகின்றான். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. நாடகத்துக் கன்னியின் குரலை நாம் கேட்பதே இல்லை. பியாத்ரிஸ் பேசினாள், அவள் சொல்லைக் காதலன் நம்பவில்லை. ஜூலியட்டோ தன் கதையைத் தானே உரைக்கின்றாள். இக்கதையை இளைஞர் தம்முடையதாகக் கொண்டமைக்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து.

இனிக் காதலைப் பற்றி ஒரு சொல். ஆடம் என்னும் இளைஞன் ஜூலியட்டைத் தீண்டியும் ஊறுபடாதிருக்கின்றான். இதனை மெய்க்காதலின் மேன்மை என்று வாசகர் மகிழ்தல் இயல்பே. ஆயின், பிறர் ஆற்றலைச் செயலறச் செய்யும் தனித்திறன் ஒன்று அவனுக்குண்டு என்பதை, 2013-இல் வெளிவந்த இரண்டாம் நூல் வெளிப்படுத்துகின்றது. ஊறுபடாமை வேறு, அன்பு வேறு என்று ஆசிரியையே உணர்த்திவிட்டார். 2014-இல் வந்த மூன்றாம் நூலில், கென்ஜி என்னும் தோழன் துணைநிற்க, தன் ஆற்றலை வேண்டுங்கால் எழுப்பவும் வேண்டாதபோது அடக்கவும் ஜூலியட் கற்றுக்கொள்கின்றாள். கதையின் உண்மையான திருப்பம் இதுவே. காதல் அவள் தீண்டத்தக்க ஓர் ஆடவனைத் தந்தது. பயிற்சியோ அவளுக்கு மனித குலம் முழுவதையும் மீட்டுத் தந்தது.

குற்றமும் கூறாதிருத்தல் நடுநிலைமை ஆகாது. அவளைச் சிறைப்படுத்திய வார்னரையே பின்னர் அவளுக்குக் காதலனாக்கியிருக்கின்றார் ஆசிரியை. அவன் கொடுமைக்கு இளமையிற் பட்ட துன்பமும் வேறு காரணங்களும் காட்டப்படுகின்றன. காரணம் காட்டுதல் ஒன்று. கடந்த தீங்குக்கு ஈடுசெய்தல் மற்றொன்று. நம் ஆற்றலைப் பெரிதும் வியப்பவன் நம்மை நேசிப்பவன் என்று கொள்ளுதல் இளம்பெண்களுக்கு இடர் விளைக்கும் மயக்கம். இவ்விடத்து வாசகர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

மத்தேயு சுவிசேஷம் 8-ஆம் அதிகாரத்தில், எவரும் அணுக அஞ்சிய குஷ்டரோகியை ஆண்டவர் கைநீட்டித் தொட்டார் என்று காண்கிறோம். விலக்கப்பட்டவனை நோக்கி முதற்கண் நீண்டது குணமாக்கும் கையே. நம்முள் எவர்க்கும் தொட்டுக் கொல்லும் மேனி இல்லை. ஆயினும் சுடும் நாவும், கட்டுக்கடங்காச் சினமும், இன்னதென்று தமக்கே விளங்காத வேகமும் இளமையில் பலர்க்கு உண்டு. அத்தகைய பிள்ளையைப் பூட்டிவைத்தலும், தம் பயனுக்குக் கருவியாக்கலும் மூத்தோர்க்கு எளிது. அச்சமின்றி அருகில் நின்று, அவ்வாற்றலை ஆளப் பயிற்றுதலே அரிது. அவ்வரிய வழியை மேற்கொள்வதன்றோ கல்லூரியின் கடன்? இதனை நினைப்பூட்டும் நாவலொன்று மாணாக்கர் மேசைமேல் கிடப்பின், ஆசிரியப் பெருமக்கள் அதனைப் பறித்தெறியாது, தாமும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்களாக.