சாயத்திலும் சத்தியம் வேண்டும்!



நம்ம மதுரைக்குச் சுங்குடிச் சேலை என்றால் தனிப் பெருமை. துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்தால் கட்டிய இடம் மட்டும் புள்ளியாக நிற்கும். கட்டின கை வைத்த புள்ளி அழகு. சாயம் சரியாகக் கரையாமல் தானாக விழுந்த புள்ளி? அது கறை!

இந்த வித்தியாசம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் உண்டு என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு லேப் டெக்னீஷியன் அண்ணன். ஓர் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் காட்டிய படத்தில் செல்லுக்குள் கன்னங்கரேலென்று புள்ளிகள். "அண்ணே, இது வைரஸா?" என்று ஆர்வமாகக் கேட்டேன். சிரித்துவிட்டார். "இல்ல தம்பி, எங்க சாயத்தோட அழுக்கு. கவனிக்கலைன்னா, நாங்க போட்டதையே நாங்க கண்டுபிடிச்சதாச் சொல்லிருவோம்!"

எலக்ட்ரானுக்கு நிறம் தெரியாது. யுரேனியம், ஈயம் போன்ற கன உலோக உப்புகள்தான் அங்கே சாயம். அவை ஒட்டிய இடத்தில் எலக்ட்ரான்கள் சிதறும். படத்தில் அந்த இடம் கறுக்கும். செல்லில் ஒட்டினாலும் கறுப்பு. குப்பையாக விழுந்தாலும் கறுப்பு!

1963-ல் ரெனால்ட்ஸ் வெளியிட்ட லெட் சிட்ரேட் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. லெட் நைட்ரேட் 1.33 கிராம், சோடியம் சிட்ரேட் 1.76 கிராம், காய்ச்சி வடித்த நீர் 30 மில்லி. அரை மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 8 மில்லி விட்டு, மொத்தம் 50 மில்லி ஆக்க வேண்டும். கணக்கு சுலபம். எதிரி யார் தெரியுமா? நம்ம மூச்சு! கரியமில வாயு பட்டால் ஈயக் கார்பனேட் படிந்துவிடும். போர்வெல் தண்ணி காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுதே, அதற்கு இது பங்காளி. அதனால்தான் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைக்கிறார்கள். சாயத்துளிக்குப் பக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் போட்டு, தட்டை மூடி வைக்கிறார்கள். யுரேனைல் அசிடேட்டை வெளிச்சம் படாத பாட்டிலில் வைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கிறார்கள். இரண்டுமே விஷம், யுரேனியத்துக்குக் கதிரியக்கமும் உண்டு. கையுறை கட்டாயம். தொட்டியில் ஊற்றவே கூடாது.

"நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். நம்ம மெட்டலர்ஜி லேப்பில் ஸ்டீல் துண்டை பாலிஷ் பண்ணி, நைட்டால் போட்டுப் பார்க்கிறோமே, சரியாகக் கழுவாவிட்டால் அங்கேயும் இதே கதைதான். சளியில் டி.பி. கிருமி தேடும் கார்பால் ஃபுக்ஸினை வடிகட்டாமல் விட்டால், சாயப் படிகமே சிவப்புக் கிருமி போலத் தெரியக்கூடும். நோயில்லாத ஒருத்தர் 6 மாசம் மாத்திரை விழுங்க வேண்டி வரலாம். பாட்டிலில் செய்த பிழையை எங்கேயோ ஒரு குடும்பம் சுமக்கும்!

ஆனால் நம்ம பிராக்டிகலில் நடப்பது என்ன? கரைசல் தயாராக மேஜைக்கு வரும். யார் கலக்கினார், எப்போது கலக்கினார் என்று யாரும் கேட்பதில்லை. "ரீடிங் வந்துச்சா?" என்பதுதான் ஒரே கேள்வி. மார்க்கும் அதற்குத்தான்.

எனது தாழ்மையான கருத்து மூன்று. கரைசலை மாணவனே தயாரிக்கட்டும். அதற்கும் மார்க் இருக்கட்டும். பாட்டிலில் பெயரும் தேதியும் ஒட்டட்டும். மாதிரி எதுவும் வைக்காத வெறும் ஸ்லைடிலும் சாயம் போட்டுப் பார்க்கட்டும். அதில் புள்ளி தெரிந்தால் குற்றம் சாயத்தின் மேல்தான்!

"நேரம் ஏது? கெமிக்கல் வீணாகுமே!" என்பார்கள். உண்மைதான், செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தப்பான முடிவைவிடப் பெரிய வீண் செலவு உண்டா? நாளைக்கு ஏதோ ஒரு லேப்பில் அந்த பாட்டிலைக் கையில் எடுக்கப் போவது நாம்தான். பெரிய விஞ்ஞானி கட்டுரை எழுதுவதும் அந்த பாட்டிலை நம்பித்தான்.

நண்பர்களே, கட்டின புள்ளி நிற்கட்டும், கறை வேண்டாம். சிந்திப்போம்! வடிகட்டுவோம்!