வேனில் தூங்கும் பிள்ளைகள்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் ஆஸ்டின் டவுனில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். மைதானத்தில் பந்து உதைக்கிற பையன்கள். தெருமுனையில், கம்பளிக் குல்லாயோடு பள்ளி வேனுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். முதல் கூட்டம் விழித்திருக்கும். இரண்டாவது கூட்டம் நின்றபடியே தூங்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு. டியூஷன், வீட்டுப்பாடம், அப்புறம் செல்போன் என்று படுக்கப் பன்னிரண்டாகிவிடும். ஆறு மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை எழுந்திருப்பதில்லை. "எருமை மாதிரி தூங்குறான் சார்" என்று அவன் அப்பா அலுத்துக்கொள்கிறார். பையன் செய்வது கடன் அடைப்பு. 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம்.

இதில் இதயம் எங்கே வந்தது? நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். (இந்த இறக்கத்துக்குத் தமிழில் வார்த்தை தேடி ஒரு பகல் முழுக்கத் திணறியிருக்கிறேன். 'தாழ்வு' என்றால் நோய் போலத் தொனிக்கிறது.) தூக்கம் குறைந்தால் அந்த ஓய்வும் குறைகிறது. பசி கூடி, எடையும் ஏறுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 13 முதல் 16 வயதுள்ள 238 பேரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அடிக்கடி விழித்துப் புரள்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். தூக்கம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 2022இல் அமெரிக்க இதய சங்கம், புகை, கொழுப்பு, சர்க்கரை இருக்கும் தன் பட்டியலில் தூக்கத்தையும் சேர்த்துக்கொண்டது.

பெங்களூரில் நடந்ததைக் கேளுங்கள். போக்குவரத்து நெரிசலைக் குறைக்கப் பள்ளி நேரத்தை மாற்றலாமா என்று பார்க்கும்படி 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இன்னும் முன்கூட்டியே மணி அடிக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. பெற்றோரும் தனியார் பள்ளிகளும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல வேளை! சாலை காலியாக வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கேட்பது என்ன நியாயம்?

மகாராஷ்டிர அரசு எதிர்த் திசையில் போனது. நான்காம் வகுப்பு வரை ஒன்பது மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் காலைத் தூக்கம் அதிகம் தேவைப்படுவது பெரிய பிள்ளைகளுக்கு. பருவ வயதில் தூக்கம் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது, அது அடம் அல்ல. இதைப் புரிந்துகொண்டுதான் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022இல் அமலுக்கு வந்தது.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். இப்போது இரவு பத்தானால் பையனின் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் மட்டும் பன்னிரண்டு வரை தன்னுடையதைப் பார்க்கிறார். வேன் அதே ஆறே முக்காலுக்கு வருகிறது.